சீனப் பெருநாளின் நாள்கணக்கும் ஒன்பதாம் நாள் கரும்பும்



சீனப் பெருநாள் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று நான்காம் படிவ நண்பர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். சிங்க நடனம், லீமாவ் பழம், அங்பாவ், லீவு. இந்த நாலும்தான் திரும்பத் திரும்ப வந்தன. ஒருத்தன் மட்டும், "அது அவங்க பெருநாளு. நம்ம சும்மா நின்னு பாத்துட்டு வர்றோம், அவ்ளோதான்" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஒன்றாம் படிவத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் மாடிப்படி ஓரமாகச் சிவப்புத் தங்லுங் கட்டுகிறோம். ஏன் சிவப்பு? 2025-இல் ஜனவரி 29-இல் வந்த பெருநாள் 2026-இல் பிப்ரவரி 17-க்கு ஏன் தள்ளிப் போனது? கேட்டால் பதில் வருவதில்லை.

இது வெறும் பொது அறிவுக் கேள்வி என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. 2020 ஜனவரியில் பூச்சோங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கட்டியிருந்த சீனப் பெருநாள் தோரணங்கள் சமயச் சின்னங்கள் என்று புகார் எழுந்து, அவை கழற்றப்பட்டன. பிறகு அன்றைய துணைப் பிரதமர் டாக்டர் வான் அசிசா வான் இஸ்மாயிலும் சில அமைச்சர்களும் அந்தப் பள்ளிக்கு நேரில் போனார்கள், தோரணங்கள் மறுபடி ஏறின. அதே மாதம் பள்ளிகளில் பொங்கல் வைப்பது பற்றிக் கல்வி அமைச்சிலிருந்து போன ஒரு கடிதமும் நாடு முழுக்கப் பேச்சானது. அது சமய விழாவா, பண்பாட்டு விழாவா என்பதே கேள்வி. ஒரே மாதத்தில் தங்லுங்குக்கும் பொங்கல் பானைக்கும் ஒரே கேள்வி வந்திருக்கிறது பாருங்கள்! நம் பானையைப் பற்றிக் கேட்டால் நாம் பதில் சொல்லிவிடுவோம். நம் கையால் கட்டிய தங்லுங்கைப் பற்றிக் கேட்டால்? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

சரி, முதலில் தேதி. சீன நாட்காட்டியில் மாதம் அமாவாசையன்று பிறக்கும், பதினைந்தாம் நாள் வாக்கில் பௌர்ணமி வரும். ஆகவே சீனப் பெருநாள் எப்போதும் அமாவாசை நாள்தான். அன்று இரவு வானத்தைப் பார்த்தால் நிலா இருக்காது. ஒரு மாதத்துக்கு 29 அல்லது 30 நாள், பன்னிரண்டு மாதத்துக்கு 354 நாள். சூரியக் கணக்குக்கு 365. வருடத்துக்குப் பதினொரு நாள் குறைகிறது. இதை அப்படியே விட்டால் பெருநாள் ஒவ்வொரு வருடமும் முன்னால் நகர்ந்துகொண்டே போய் ஒருநாள் தீபாவளியோடு முட்டிக்கொள்ளும். நோன்புப் பெருநாள் அப்படித்தான் வருடம் முழுக்கச் சுற்றி வருகிறது. சீனப் பெருநாள் அப்படிச் சுற்றுவதில்லை. காரணம், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்து இழுத்துப் பிடிக்கிறார்கள். 19 வருடத்துக்கு 7 கூடுதல் மாதங்கள். 2025-இல் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்தது. அதனால்தான் 2026 பெருநாள் அவ்வளவு தள்ளிப் போனது. நம் பள்ளியில் உகாதி கொண்டாடும் தெலுங்கு நண்பர்களைக் கேளுங்கள், அவர்கள் கணக்கில் இதற்கு அதிக மாதம் என்று பெயர்.

எந்த அமாவாசை புத்தாண்டு என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. டிசம்பர் 21 அல்லது 22-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். பூமியின் வடபாதியில் பகல் மிகக் குறைவாக இருக்கும் நாள் அது. நம் ஊரில் வித்தியாசம் தெரியாது, சீனாவில் நன்றாகத் தெரியும். அந்த நாளுக்குப் பிறகு வரும் இரண்டாவது அமாவாசை, பெரும்பாலும் அதுதான் சீனப் பெருநாள். எப்போதாவது இடையில் கூடுதல் மாதம் புகுந்தால் மூன்றாவது. எப்படிப் பார்த்தாலும் ஜனவரி 21-க்கு முன்னும் வராது, பிப்ரவரி 20-க்குப் பின்னும் வராது. பல பேர் இதை 'நிலவு நாட்காட்டி' என்று சொல்லிவிடுகிறார்கள். பாதிதான் சரி. மாதம் நிலவைப் பார்க்கிறது, வருடம் சூரியனைப் பார்க்கிறது.

இதில் நான்காம் படிவத்தாருக்கு ஒரு சின்னச் செய்தி. 2010-இல் பிறந்தவர்கள் எல்லாரும் "நான் புலி வருஷம்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். அந்த வருடம் பெருநாள் பிப்ரவரி 14. அதற்கு முன்னால் பிறந்திருந்தால் நீங்கள் புலி இல்லை, மாடு! கோபப்பட வேண்டாம், மாட்டுப் பொங்கலுக்கு நமக்குத்தான் மரியாதை.

இப்போது பினாங்குக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன். சில வருடம் தைப்பூசமும் சாப் கோ மேயும் ஒட்டிக்கொண்டு வரும். சாப் கோ மே என்றால் ஹொக்கியென் மொழியில் பதினைந்தாம் இரவு. பெருநாள் அன்றோடு முடிகிறது. 2020-இல் இரண்டுமே பிப்ரவரி 8. 2023-இல் இரண்டுமே பிப்ரவரி 5. 2025-இல் தைப்பூசம் 11, சாப் கோ மே 12. ஆனால் 2024-இல் ஒரு மாத இடைவெளி, 2026-இலும் அப்படியே. என்ன காரணம்?

இரண்டும் பௌர்ணமி விழாக்கள். தைப்பூசத்தில் பூச நட்சத்திரமும் சேரும், அதனால் ஒரு நாள் முன்பின் ஆகும். தை மாதம் ஏறக்குறைய ஜனவரி 14-இல் பிறந்து பிப்ரவரி 12-இல் முடிகிறது. சாப் கோ மே பிப்ரவரி 4-க்கும் மார்ச் 6-க்கும் இடையில்தான் விழ முடியும். இரண்டு கணக்கும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் பிப்ரவரி 4 முதல் 12 வரை, ஒன்பதே நாள். அந்த ஒன்பது நாளுக்குள் பௌர்ணமி வந்தால் தண்ணீர்மலையில் காவடியும் எஸ்பிளனேட் கடற்கரையில் ஆரஞ்சுப் பழமும் ஒன்றாக. நல்ல வாழ்க்கைத் துணை வேண்டிப் பெண்கள் கடலில் ஆரஞ்சு எறிவது நம் ஊர்ச் சாப் கோ மேயின் வழக்கம். இங்கே ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தைப்பூச ரதம் போகும் வழியில் தேங்காயைக் குவித்து வைத்து உடைப்பவர்களில் சீனர்கள் எத்தனை பேர்! காவடி எடுக்கும் சீனர்களும் உண்டு. அவர்கள் "இது அவங்க பெருநாளு" என்று ஒதுங்கி நிற்கவில்லை.

சூரியனைப் பார்க்கிறது என்று சொன்னேன் அல்லவா? அதற்குச் சீனர்கள் வருடத்தை 24 பருவங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 நாள். மழைநீர்ப் பருவம், பூச்சிகள் விழிக்கும் பருவம், கதிர் முற்றும் பருவம், வெண்பனிப் பருவம் என்று உழவர்களுக்குப் பயன்படும் பெயர்கள். ஆடிப் பட்டம் தேடி விதை என்று நம் பாட்டிமார் சொல்வது போலத்தான். மூதாதையர் கல்லறையைச் சுத்தம் செய்யும் சிங் மிங் நாள் இந்தச் சூரியக் கணக்கில் வருவதால் எப்போதும் ஏப்ரல் 4 அல்லது 5. பொங்கல் எப்படி நகராதோ அப்படி அதுவும் நகராது. இந்த 24 பருவ அறிவை யுனெஸ்கோ 2016-இல் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. புத்தாண்டு விழா 2024 டிசம்பரில் அந்தப் பட்டியலுக்குப் போனது.

நம் பள்ளிக்கு வந்த முரசுக் குழுவை மறந்திருக்க மாட்டீர்கள். நெஞ்சுக்குள் அடித்தது போல் இருந்தது. அதன் பெயர் 24 பருவ முரசு. பார்த்தால் ஏதோ ஆயிரம் வருடத்துச் சீனக் கலை என்றுதான் தோன்றும். அது பிறந்த ஊர் ஜொகூர் பாரு, ஆண்டு 1988! ஃபூன் யூ உயர்நிலைப்பள்ளியில் இசை கற்பித்த டான் ஹூய் சோங், கவிஞர் டான் சாய் புவான், இந்த இருவரும் உருவாக்கியது. ஒவ்வொரு முரசின் மேலும் ஒரு பருவத்தின் பெயர் தூரிகையால் எழுதியிருக்கும். பள்ளி மாணவர்கள் அடித்து அடித்தே வளர்ந்த கலை, இங்கிருந்து சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் போயிருக்கிறது. பண்பாடு என்றால் தாத்தா கொடுத்ததைப் பெட்டியில் பூட்டி வைப்பது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்த முரசைக் கொஞ்சம் கேட்கலாம். சிங்க நடனமும் அப்படியே. உயரக் கம்பங்களின் மேல் தாவித் தாவி ஆடும் முறையில் மலேசியக் குழுக்கள் உலகப் பெயர் பெற்றவை. கெந்திங் மலையில் 1994 முதல் உலகப் போட்டியே நடந்திருக்கிறது. மூவார் ஊர்க் குழு அதில் பல முறை வென்றிருக்கிறது. உறுமி மேளம் அடிக்கிற நம் பையன்கள் சிங்கத்தை விட்டுவிட்டு முரசையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்தேன். தாளம் தெரிந்தவனுக்குத் தாளம்தான் முதலில் காதில் விழும் போல.

அடுத்தது கரும்பு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பெருநாளின் எட்டாம் இரவு, நள்ளிரவு தாண்டி ஒன்பதாம் நாள் பிறக்கும் நேரம், பினாங்கில் ஹொக்கியென் வீடுகளின் முன்னால் மேசை போட்டு வழிபாடு நடக்கும். வானுலகப் பேரரசரான தி கோங் பிறந்தநாள். ஜார்ஜ்டவுனில் கடலுக்குள் மரக்கால் ஊன்றிக் கட்டிய சியூ குடும்பத்துப் படகுத்துறையில் இது மிகப் பெரிதாக நடக்கும். மேசையின் இரண்டு பக்கமும் என்ன கட்டுவார்கள் தெரியுமா? தோகையோடு முழுக் கரும்பு! எட்டாம் நாளன்று சாலையோரம் லோரியில் கரும்பு வந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பொங்கல் முடிந்து மூன்று நாலு வாரம் ஆன பிறகும் ஏன் கரும்பு விற்கிறார்கள் என்று யோசித்திருக்க மாட்டீர்கள்.

கதை இது. முன்னொரு காலத்தில் சீனாவின் ஃபூஜியான் பகுதியில் ஹொக்கியென் மக்களைக் கொல்ல ஆட்கள் வந்தார்கள். கொள்ளையர் என்று சிலர் சொல்வார்கள், படைவீரர்கள் என்று சிலர். மக்கள் ஓடிப்போய்க் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்துகொண்டார்கள். ஆபத்து விலகி அவர்கள் வெளியே வந்த நாள் ஒன்பதாம் நாள். தங்களைக் காப்பாற்றிய வானத்துக்கும் கரும்புக்கும் அன்று நன்றி சொன்னார்கள். கதை உண்மையாக நடந்ததோ இல்லையோ, இன்னொரு காரணமும் உண்டு. ஹொக்கியென் மொழியில் கரும்புக்குப் பெயர் 'காம் சியா'. நன்றி சொல்லும்போது என்ன சொல்வார்கள்? அதுவும் கிட்டத்தட்டக் 'காம் சியா'தான், ராகம் மட்டும் மாறும். ஆக, கரும்பைக் கட்டினாலே நன்றி சொன்னதாகிவிடுகிறது. நாம் சூரியனுக்கு நன்றி சொல்லிப் பானைக்கு இரு பக்கமும் கரும்பு வைக்கிறோம், அவர்கள் வானத்துக்கு நன்றி சொல்லி மேசைக்கு இரு பக்கமும் வைக்கிறார்கள். யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. கரும்பிலிருந்து வரும் சர்க்கரைக்கு நாம் வைத்த பெயரோ சீனி. அந்தப் பெயருக்குள்ளேயே சீனம் உட்கார்ந்திருக்கிறது.

ஒன்று கவனிக்க வேண்டும். ஒன்பதாம் நாள் வழிபாடு முக்கியமாக ஹொக்கியென் மக்களுடையது. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் கந்தோனீஸ் பேசும் குடும்பங்களில் அவ்வளவு பெரிதாக இருக்காது. தியோச்சியூ, ஹக்கா, ஹைனானீஸ் என்று ஒவ்வொருவருக்கும் தனி வழக்கம். 'இந்தியர்' என்ற ஒரே பெட்டிக்குள் தமிழர், தெலுங்கர், மலையாளி, சீக்கியர் எல்லாரையும் யாராவது போட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் அவர்களுக்கும்.

காம் சியா போல இந்தப் பெருநாளில் பாதிப் பொருள்கள் ஒலியினால் வந்தவை. அன்னாசிக்கு ஹொக்கியெனில் 'ஓங் லாய்', செழிப்பு வருகிறது என்பது போல ஒலிக்கும். அதனால்தான் அன்னாசி பிஸ்கட். மீன் என்ற சொல்லும் மிச்சம் என்ற சொல்லும் ஒரே ஒலி, ஆகவே பெருநாளுக்கு முந்தின இரவு குடும்பம் கூடி உண்ணும் விருந்தில் மீன் இருக்கும், கொஞ்சம் மிச்சமும் வைப்பார்கள். சிங்கம் வாயால் பிய்த்து எறியும் கீரைக்குக் கந்தோனீஸில் செல்வம் வளர்வது போன்ற பெயர். நாலு என்ற எண் சாவு என்ற சொல்லைப் போல ஒலிக்கிறது. ஆகவே அங்பாவில் நாலு வெள்ளி வைக்கக் கூடாது. லீமாவ் கொடுத்தால் இரண்டு இரண்டாகக் கொடுக்க வேண்டும், ஒற்றையாகக் கொடுப்பது மரியாதை இல்லை. சிவப்புக்கு ஒரு கதை: நியென் என்ற பூதம் சிவப்பையும் நெருப்பையும் பெரிய சத்தத்தையும் கண்டு ஓடுமாம். அதன் பெயரே 'ஆண்டு' என்ற சொல்தான். மாடிப்படியில் தொங்கும் தங்லுங் அந்தப் பூதத்துக்கு.

அங்பாவ் பற்றி ஒரு வார்த்தை. பொருள் சிவப்பு உறை, அவ்வளவே. கல்யாணமானவர்கள் கல்யாணமாகாதவர்களுக்குக் கொடுப்பது. வாங்கியவர் முன்னாலேயே பிரித்துப் பார்க்கக் கூடாது. இதை நம்மில் சிலருக்குச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது! மலாய்க்காரர்கள் இதைப் பச்சை உறையாக்கி நோன்புப் பெருநாளுக்குக் கொடுக்கிறார்கள். நம் வீடுகளில் தீபாவளிக்கு ஊதாவிலும் மஞ்சளிலும் கொடுக்கிறோம், குத்துவிளக்குப் படம் போட்டு. நாமும் அதை அங்பாவ் என்றுதானே சொல்கிறோம்?

அப்படியானால் பெருநாள் சமயமா, பண்பாடா? என் பக்கத்து மேசைத் தோழி கிறிஸ்துவச் சீனக் குடும்பம். அவள் வீட்டில் தி கோங் மேசை கிடையாது. ஆனால் குடும்ப விருந்து உண்டு, அங்பாவ் உண்டு, வாசலில் தங்லுங்கும் உண்டு. "பெரியவங்களுக்கு லீமாவ் கொடுக்காம எப்படிப் பெருநாளு?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். சீன முஸ்லிம் குடும்பங்களும் பெருநாளன்று உறவினரைப் பார்க்கப் போகிறார்கள். ஒன்பதாம் நாள் வழிபாடு சமயம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. குடும்பம் கூடுவதும் சிவப்பு கட்டுவதும் புத்தாண்டு வழக்கம். பள்ளியில் நாம் செய்வது இந்த இரண்டாவதை மட்டும். நம் மண்டபத்தில் யீ சாங் கிளறியபோது தட்டில் மீன் கிடையாது, காய்கறியும் பழமும் நிலக்கடலையும்தான். எல்லாரும் குச்சியைப் பிடித்து உயரத் தூக்கிப் போடும்போது மலாய் நண்பர்களும் சைவம் சாப்பிடுகிறவர்களும் ஒதுங்கி நிற்கத் தேவைப்படவில்லை. பாதி தரையில் விழுந்தது வேறு கதை. யீ சாங்கைக் கண்டுபிடித்தது சிரம்பானா, சிங்கப்பூரா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை.

மற்ற விழாக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் மூங்கில் இலையில் மடித்து வேகவைத்த பசையரிசிச் 'சாங்', நாகப்படகுப் போட்டி. ஆற்றில் விழுந்து உயிர்விட்ட சூ யுவான் என்ற கவிஞரின் நினைவு. கவிஞருக்காக ஒரு நாடே படகு விடுகிறது, பரவாயில்லையே! ஏழாம் மாதம் முழுக்க முன்னோர் ஆவிகளுக்கு, சாலையோரம் மேடை போட்டுக் கூத்து நடக்கும். டிசம்பர் 21 அல்லது 22-இல் இனிப்புத் தண்ணீரில் மிதக்கும் உருண்டை, நம் பால் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். எட்டாம் மாதப் பௌர்ணமிக்குத் தங்லுங் விழாவும் மூன்கேக்கும். மூன்கேக் பலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கும், வாங்கும்போது உறையைப் படித்து வாங்குங்கள்.

அந்தத் தங்லுங் விழா 2026-இல் செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. சீனமொழிக் கழகம் கம்பிச் சட்டம் தருகிறது. நம் தமிழ்மொழிக் கழகத்தின் பங்குக்கு 24 தங்லுங், ஒவ்வொன்றிலும் ஒரு பருவத்தின் பெயர். அவர்கள் சீனத்தில் எழுதுவார்கள், அதே பெயரை நாம் பக்கத்தில் தமிழில் எழுத வேண்டும். 'பூச்சிகள் விழிக்கும் பருவம்' என்பதை விடச் சுருக்கமான நல்ல பெயர் தெரிந்தவர்கள் இந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். கையெழுத்து அழகாக உள்ளவர்கள் புதன்கிழமை ஓய்வு நேரத்தில் நூல்நிலையத்துக்கு வாருங்கள், தூரிகை பிடிக்கக் கற்றுத் தருகிறார்களாம்.